வேர்முடிச்சு நூற்புழுவுக்கு மண் புகையூட்டம்: கிளம்பும் ஆவியை உயிர்க்கரி அடக்குமா?

பண்ருட்டி வெள்ளரித்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் மேட்டு நிலத்தில் எங்கள் குடும்பத்துக்கு 25 சென்ட் பசுமைக்குடில் இருக்கிறது. அதில் மாற்றுப்பயிர் இல்லாமல் தொடர்ந்து வெள்ளரியே வைத்து வருகிறோம். இப்போது காய்ப்புக்கு வரும் நேரத்தில் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு மாலையில் நிமிர்கின்றன. சில நாள்களில் நிமிராமலே போய்விடுகின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு. மண்ணை ஆய்வுக்குக் கொடுத்ததில் வேர்முடிச்சு நூற்புழு என்று உறுதியாகிவிட்டது.

குடில் வேலை தெரிந்தவர்கள் மண் புகையூட்டம், அதாவது ஆவியாகும் மருந்தால் மண்ணிலுள்ள புழுவைக் கொல்வது, என்று இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, பார்மலின் கரைசலை மண்ணில் ஊற்றிப் பாலித்தீன் விரிப்பால் மூடி வைப்பது. மற்றொன்று, மெட்டாம் சோடியத்தைச் சொட்டுநீர்க் குழாய் வழியே விடுவது. இரண்டும் ஆவியாகிப் பரவக்கூடியவை என்பதுதான் என் கவலை. குடிலை ஒட்டியே வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கான குடிநீர் போரும் அருகில்தான் உள்ளது. உயிர்க்கரி, அதாவது பயோசார், இத்தகைய ஆவிகள் மண்ணிலிருந்து வெளியேறுவதைக் குறைக்கும் என்று படித்தேன். சவுக்குக் கழிவும் முந்திரிக் கிளைகளும் எங்கள் பக்கம் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதால் கரி செய்துகொள்வது கடினமன்று. அதை மண்ணோடு கலப்பதா, மேலே பரப்புவதா, எவ்வளவு போடுவது, மருந்தின் வேலையை அது கெடுத்துவிடாதா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

லாஸ்பேட்டை வேதியியல்:

அடக்கும், ஆனால் எல்லா மருந்தையும் ஒரே அளவில் அடக்காது. முதலில் ஆவி எப்படி வெளியேறுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

மெட்டாம் சோடியம் டப்பாவில் இருக்கும்போது வெறும் நீர்மக் கரைசல்தான். ஈர மண்ணில் பட்ட சில மணி நேரத்தில் தொடங்கி அது மெத்தில் ஐசோதயோசயனேட்டு என்ற ஆவியாக மாறுகிறது; நூற்புழுவைக் கொல்வது அந்த ஆவிதான். டாசோமெட் என்ற குருணை மருந்தும் அதே ஆவியைத்தான் வெளியிடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலான வெற்றிடங்கள் வழியே ஆவி எல்லாத் திசையிலும் பரவும். கீழேயும் பக்கத்திலும் போனது வேலை செய்கிறது. மேலே வந்தது காற்றில் கலந்து யாருக்கோ தீங்கு செய்கிறது. மண் எவ்வளவு மணற்பாங்காகவும் உலர்ந்தும் சூடாகவும் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக மேலே வரும். சாதாரணப் பாலித்தீன் விரிப்பு நாம் நினைக்கும் அளவுக்குத் தடுப்பதில்லை. இந்த மூலக்கூறுகளில் பல அதன் வழியே ஊடுருவிவிடும், அதுவும் விரிப்பு சூடேறும்போது இன்னும் எளிதாக. எத்திலீன் வினைல் ஆல்கஹால் அடுக்கு உள்ள, ஆவி புகாத விரிப்புகள் அதற்காகவே வந்தன. அவற்றின் விலை வேறு.

மெத்தில் ஐசோதயோசயனேட்டு கண்ணையும் மூச்சுப் பாதையையும் எரிக்கும். வெளிக்காற்றில் வெயில் பட்டு அது சிதையும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று மெத்தில் ஐசோசயனேட்டு. 1984-இல் போபாலில் கசிந்தது அதுதான். வயலில் உண்டாகும் அளவை அந்தப் பேரழிவோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் வீடுகளை ஒட்டிச் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

இனி கரி. காற்று மிகக் குறைவாக உள்ள சூழலில் மரத்தையோ உமியையோ சுமார் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கிடைப்பது உயிர்க்கரி. அதன் நுண்துளைச் சுவர்களில் ஆவி மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. இது முதல் வேலை. கரியின் காரத்தன்மையும் அதன் மேற்பரப்பில் நிகழும் வேதிவினைகளும் ஒட்டியதைச் சிதைக்கின்றன; இது இரண்டாவது. இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது மூலப்பொருளையும், சுட்ட வெப்பத்தையும், மருந்தையும் பொறுத்தது. வேறு இரண்டு புகையூட்ட மருந்துகளை எடுத்துக்கொண்டால், குளோரோபிக்ரின் கரியில் பெரும்பாலும் சிதைந்துபோகும். 1,3-டைகுளோரோபுரோப்பீனோ கணிசமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னர் மெல்ல விடுபடவும் கூடும். கலிபோர்னியாவின் பார்லியரில் உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு மையத்தினரும் சீன ஆய்வாளர்களும் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். மண்ணின் மேற்பரப்பில் இட்ட கரி ஆவி வெளியேற்றத்தை வெகுவாகக் குறைத்தது என்பது அவர்களுடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

பார்மலின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஆவியாகும் பார்மால்டிகைடு மிகச் சிறிய, நீரில் எளிதில் கரையும் மூலக்கூறு. சாதாரணக் கரி அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே பார்மலினை ஊற்றிவிட்டு மேலே கரி போட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை வகைப்படுத்தியது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பார்மலின் பக்கமே போக மாட்டேன்.

பாலூர்ச் சாலை:

வேதியியல் நண்பர் அளவைப் பற்றிச் சொல்லவில்லை. நான் அதை மட்டும் சேர்க்கிறேன். வேளாண் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், எந்தப் பரிந்துரையையும் சென்ட் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பது என் வழக்கம்.

ஆய்வுகளில் எடையில் 1 சதவீதம் கரி என்று வரும். 25 சென்ட் என்றால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். மேல் 15 சென்டிமீட்டர் மண் முழுவதும் கலப்பதானால், மண்ணின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.4 டன் என்று கொண்டால், அந்த மண்ணின் எடை 210 டன். அதில் 1 சதவீதம் 2,100 கிலோ. மேல் 5 சென்டிமீட்டரில் மட்டும் என்றால் 700 கிலோ. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 700 கிராம். தூள் கரியாகப் பரப்பினால் சில மில்லிமீட்டர் கனமே வரும். மரத்தைக் கரியாக்கும்போது உலர் எடையில் 20 முதல் 25 சதவீதம் கிடைக்கும் என்று கொண்டால், இந்த 700 கிலோவுக்கு சுமார் 3 டன் காய்ந்த விறகு வேண்டும். ஒரு குடிலுக்கு முடியும். ஏக்கர் கணக்கில் யோசிக்கிறவர்கள் இதை நான்கால் பெருக்கிக்கொள்ளட்டும்.

கலப்பதா, பரப்புவதா என்ற கேள்விக்கு என் விடை ஒன்றே: வேர் ஓடும் ஆழத்தில் கலக்கவே கூடாது. நூற்புழு இருக்கும் இடத்தில் கரியும் இருந்தால், புழுவைச் சேர வேண்டிய மருந்தைக் கரி பிடித்துக்கொள்ளும். அப்போது காற்றுக்கும் கேடில்லை, புழுவுக்கும் கேடில்லை. அதை ஈடுகட்ட மருந்தின் அளவைக் கூட்டினால் எதற்காகக் கரி போட்டோம் என்பதே பொருளற்றுப் போகும். மருந்து கீழே, கரி மேலே, நடுவில் கரி கலவாத மண். சொட்டுநீரில் மருந்து விடுவதென்றால் குழாயைச் சில அங்குலம் புதைத்துவிட்டு மேலே கரி பரப்ப வேண்டும். மண்ணின் மேலே கிடக்கும் குழாயில் விட்டால் மருந்து முதலில் கரியைத்தான் நனைக்கும்.

இன்னொன்று. எந்த மருந்தானாலும், உங்கள் பயிருக்கு அது பதிவாகியுள்ளதா என்று லேபிளைப் பார்த்து, வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் கேட்டுவிடுங்கள். லேபிளில் வெள்ளரி இல்லையென்றால் இந்தப் பேச்சே தேவையில்லை.

பாகூர் ஏரிப்பாசனம்:

மரியாதையுடன் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். இவ்வளவு நேரம் நஞ்சைப் போட்டுவிட்டு அதன் ஆவியை எப்படிப் பிடிப்பது என்றுதான் பேசியிருக்கிறோம். கரியின் பெயரால் நஞ்சுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

இந்த வகை மருந்துகளின் வரலாறு முழுவதும் ஒரே மாதிரிதான். டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்ற நூற்புழுக் கொல்லியைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மலட்டுத்தன்மை வந்தது 1977-இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. அதைப் போட்ட பகுதிகளின் கிணறுகளில் அது பல பத்தாண்டுகள் கழித்தும் தென்பட்டது. நம் நாட்டில் அது 1989-இல்தான் தடையானது. அடுத்து மெத்தில் புரோமைடு. ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும், நம்மைப் போன்ற நாடுகள் 2015-க்குள்ளும் வயலில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 1,3-டைகுளோரோபுரோப்பீனைக் கலிபோர்னியா 1990-இல் நிறுத்திவிட்டு, 1995-இல் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் அனுமதித்தது. ஒவ்வொரு முறையும் ஒரு மருந்து வரும், பாதுகாப்பானது என்பார்கள், பிறகு காற்றிலோ கிணற்றிலோ அகப்படும்.

எங்கள் புதுச்சேரிக்கும் உங்கள் கடலூருக்கும் நிலத்தடிநீர் பெரும்பாலும் கடலூர் மணற்பாறை அடுக்கிலிருந்து வருகிறது. பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துச் செம்மண் மேடுகளில் பெய்யும் மழைதான் அந்த அடுக்குக்குள் இறங்குகிறது. அந்த மேட்டின் மேல் நின்றுகொண்டு நீரில் கரையும் நஞ்சை ஊற்றுவது பற்றிப் பேசுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். மேலே பரப்பிய கரி மேலே போகும் ஆவியைத்தான் தடுக்கும். கீழே இறங்குவதை எது தடுக்கும்?

லாஸ்பேட்டை வேதியியல்:

கேள்வி நியாயமானது, மேல் அடுக்குக் கரி கீழே இறங்குவதைத் தடுக்காது. மெத்தில் ஐசோதயோசயனேட்டு நம் வெப்பநிலையில் மண்ணில் சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்களுக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் மருந்திட்ட மறுநாளே கனமழை பெய்தால் சிதைவதற்கு முன்பே அது கீழே இறங்கும். குடிலுக்குள் மழை விழாது என்றாலும், அளவுக்கு மீறிச் சொட்டுநீர் விட்டால் அதுவும் மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடில்லை.

நீரில் மெட்டாம் சோடியம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1991 ஜூலையில் கலிபோர்னியாவின் டன்ஸ்மியர் அருகே சரக்கு ரயில் தடம்புரண்டு, ஒரு தொட்டி வண்டியிலிருந்த மெட்டாம் சோடியம் சாக்ரமெண்டோ ஆற்றில் கொட்டியது. ஷாஸ்தா நீர்த்தேக்கம் வரை அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் மீன் உட்பட ஏறக்குறைய எல்லா உயிரும் மாண்டன. குழாய் கழுவிய நீரைக் கெடிலம் ஆற்றிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது என்று சொன்னால் அதை வெறும் சம்பிரதாய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி கரிமூட்டம்:

கரி செய்கிறவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன். எல்லாக் கரியும் ஒன்றன்று. அடுப்புக்கரிக்காக மண் பூசி மூட்டம் போட்டு எடுக்கும் சவுக்குக் கரி நன்றாக வெந்திருந்தால் இதற்குப் பொருந்தும். கையில் எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டக் கூடாது, முகர்ந்தால் புகை வாடை இருக்கக் கூடாது, தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அரைகுறையாக வெந்த கரியில் தார் தங்கியிருக்கும். துளைகள் அடைபட்டிருப்பதால் அது எதையும் பிடிக்காது, நாற்றுக்கும் கெடுதல். அரிசி ஆலையில் கிடைக்கும் வெள்ளைச் சாம்பலைக் கரி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. முழுதும் எரிந்த உமிச்சாம்பலில் கரி ஏது? கறுப்பாக இருக்கும் உமிக்கரி வேறு.

முந்திரிக் கிளை நல்ல கரி தரும். முந்திரிக்கொட்டை ஓட்டை மட்டும் வீட்டில் சுட வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். அதன் புகையும் பொல்லாதது. ஒரு கேட்டைத் தடுக்க இன்னொரு புகையைக் கிளப்ப வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரி, பலா மரங்களைச் சாய்த்தபோது நல்ல மரமெல்லாம் அடிமாட்டு விலைக்கு விறகாகப் போயிற்று. அன்றைக்குப் பயோசார் என்று ஒருவர் பேசியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

கரியை நெல்மணி அளவுக்கு உடைத்து, சலித்து, மூட்டையில் கட்டி உலர்வாக வைத்திருங்கள். தூசாக அரைத்தால் பரப்பும்போது மூக்கில்தான் போகும்.

பாலூர்ச் சாலை:

உலர்வாக என்று அவர் சொன்னது முக்கியமானது. நீர் புகுந்த துளைகளில் ஆவிக்கு இடம் குறைவு. அதே சமயம் மண்ணின் மேல்பகுதி ஈரமாக இருந்தால் ஆவி மெதுவாக ஏறும். ஆகவே மண்ணை முன்கூட்டியே நனைத்து, மருந்து விட்டவுடன் உலர்ந்த கரியைப் பரப்பி, அதன்மேல் விரிப்பை மூட வேண்டும். விரிப்பின் ஓரங்களிலும், பாத்திகளுக்கு இடைப்பட்ட நடைபாதையிலும்தான் கசிவு மிகுதி என்பது என் கணிப்பு; கரி போதாவிட்டால் அங்கே கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் போடலாம்.

உப்பனாற்றங்கரை:

நான் விவசாயி அல்லன். ஆலை நெடியோடு வளர்ந்தவன். காற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடலூரில் கோடைப்பகலில் கடற்காற்று வந்து எதையும் உள்நாட்டுப் பக்கம் அடித்துச் செல்லும். சூரியன் மறைந்தபின் காற்று ஓய்ந்து, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே எழாமல் அப்படியே படுத்துவிடும். பகலில் வெளியேறுவது கலைந்துபோகிறது. இரவில் வெளியேறுவது தேங்கி, சன்னல் திறந்து தூங்குகிறவர்களின் மூக்குக்கு வருகிறது. நெடி இல்லை என்று மாலை ஐந்து மணிக்கு முகர்ந்து பார்த்து முடிவு செய்தவர்கள் பின்னிரவில் கண் எரிகிறது என்று எழுந்ததை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். பசுமைக்குடிலில் பக்கத்திரைகளை ஒரேயடியாகத் திறக்கும் நேரம் எது என்பதும் இதில் அடங்கும். கரி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லாமல் இதைச் செய்வது முறையன்று.

பண்ருட்டி வெள்ளரித்தோட்டம்:

அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மேலே பரப்பிய கரி நடவுக்கு உழும்போது மண்ணில் கலந்துதானே போகும்? அடுத்த முறை புழு வந்து மருந்திட நேர்ந்தால், பாலூர்ச் சாலை ஐயா கூடாது என்ற நிலை தானாகவே வந்துவிடாதா?

லாஸ்பேட்டை வேதியியல்:

வந்துவிடும். கரி மண்ணில் பல பத்தாண்டுகள், அதற்கு மேலும் அழியாமல் நிற்கக்கூடியது. மண்ணின் மட்கு துளைகளை அடைப்பதால் அதன் பிடிப்புத்திறன் காலப்போக்கில் குறையும். ஆனால் முற்றிலும் போகாது. புகையூட்ட மருந்தோடு இது நிற்பதில்லை. களைக்கொல்லிகளுக்கும் இதே கதைதான். கரும்பில் போடும் அட்ரசின் கரி கலந்த மண்ணில் கட்டுண்டு களையை விட்டுவிடும். அதனால்தான் கரி பரப்புவதை ஒருமுறை செய்யும் முடிவாகப் பார்க்கிறேன். பருவந்தோறும் செய்யும் பழக்கமாகப் பார்க்கவில்லை. கரி கலந்த நிலத்தில் மறுபடியும் புகையூட்டத்தை நம்ப முடியாது என்று தெரிந்தே இதில் இறங்க வேண்டும்.

நடவுக்கு முன் ஒரு சோதனையும் கட்டாயம். கரி பிடித்து வைத்திருக்கும் ஆவி மெல்ல விடுபடலாம் என்றேன் அல்லவா? வேர் ஆழத்து மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு எடுத்து, நனைத்த பஞ்சின்மேல் முள்ளங்கி விதை வைத்து மூடுங்கள். மருந்திடாத மண்ணை எடுத்து இன்னொரு புட்டியிலும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டிலும் ஒன்றுபோல முளைத்தால்தான் நாற்று நட வேண்டும்.

பாகூர் ஏரிப்பாசனம்:

நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒருமுறைதான் வேலை செய்யும் வழிக்கு மூன்று டன் விறகு எதற்கு? கத்திரி வெயில் காலத்தில் குடிலைக் காலியாக வைத்து, மண்ணை நன்கு நனைத்து, மெல்லிய தெளிந்த பாலித்தீன் விரிப்பால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். மூடிய குடிலுக்குள் மண் வெளிவயலைவிட அதிகமாகச் சூடேறும். அதற்குப் பின் வேப்பம் புண்ணாக்கு, நூற்புழுவைத் தாக்கும் பர்ப்யூரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சை கலந்த தொழுவுரம், ஒரு பருவம் செண்டுமல்லி. கனகாம்பரத்தை நூற்புழு தின்று தீர்த்த எங்கள் பக்கத்து நிலங்களில் இப்படித்தான் மீண்டார்கள். கரி செய்யும் எண்ணம் இருந்தால் அதை மாட்டுக் கோமியத்தில் ஊறவைத்துத் தொழுவுரத்தோடு இடுங்கள். மணற்பாங்கான செம்மண் ஈரத்தையும் உரத்தையும் பிடித்து வைக்க அது உதவும்.

பாலூர்ச் சாலை:

வெயிலேற்றத்தை நானும் முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் அதன் குறையையும் சொல்ல வேண்டும்: மேல் 15, 20 சென்டிமீட்டருக்குக் கீழே வெப்பம் போதுமான அளவு இறங்காது, ஆழத்தில் தங்கிய புழு, வேர் நீளும்போது மறுபடி ஏறி வரும். செண்டுமல்லிப் பருவத்தில் வருமானம் போகும் என்பதையும் குடும்பம் நடத்துகிறவரிடம் மறைக்கக் கூடாது. எல்லாம் செய்தும் தீராத குடில்கள் உண்டு. அத்தகைய குடிலில், பதிவுள்ள மருந்தைச் சட்டப்படி போடுகிறவர் மேலே கரி பரப்பிப் போடுவது, பரப்பாமல் போடுவதைவிட மேல். கரிக்கு நான் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் புகழவும் இல்லை, ஏரிப்பாசன நண்பர் அஞ்சுவதுபோல் நற்சான்று தரவும் இல்லை.

பண்ருட்டி வெள்ளரித்தோட்டம்:

வட்டார அலுவலகத்தில் கேட்டுவிட்டேன். எங்களுக்குச் சொல்லப்பட்ட மருந்தின் லேபிளில் வெள்ளரி இல்லை. எனவே இப்போதைக்கு அதை விட்டுவிட்டோம். பார்மலினும் வேண்டாம் என்று வீட்டில் முடிவு. சித்திரையில் பயிரை எடுத்ததும் பழைய வேர்களைக் கிளறி அகற்றி எரித்துவிட்டு, விரிப்புப் போட்டு வெயிலேற்றுகிறோம். அடுத்த பருவத்துக்குப் பாதிக் குடிலில் செண்டுமல்லி, மீதியில் வேப்பம் புண்ணாக்கு இட்டு வெள்ளரி. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் உயிரியல் கொல்லி கிடைக்குமா என்றும் விசாரிக்கிறோம்.

சவுக்குக் கழிவைக் கரியாக்கும் வேலையை நிறுத்தவில்லை. அதைக் குடிலுக்குள் கொண்டுபோகாமல், வெளியே உள்ள நிலக்கடலை வயலில் தொழுவுரத்தோடு இடப் போகிறோம். குறிஞ்சிப்பாடி அண்ணன் எங்கள் பக்கம் வந்து மூட்டம் போட்டுக் காட்ட முடியுமா?

குறிஞ்சிப்பாடி கரிமூட்டம்:

வருகிறேன். விறகை இப்போதே வெட்டிக் காயப் போடுங்கள். பச்சை விறகில் மூட்டம் போட்டால் புகைதான் மிஞ்சும்.